வீட்டுக் கம்பியில்லா இணைப்பு: பழுது இருக்கும் இடம்

2020 ஆம் ஆண்டு மார்ச் 18 ஆம் நாள் மலேசியாவில் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் 8 ஆம் நாள் முதல் மாணவர் அனைவரும் வீட்டிலிருந்தே பாடம் கற்கலாயினர். அந்நாள்களில் ஆசிரியர்கள் தம் மாணவரிடமிருந்து மிகுதியாகக் கேட்ட விடை இரண்டே சொற்கள்: “லைன் இல்லை.” பாடத்திற்கு வராத பிள்ளைக்கு அதுவே காரணம், பாதியில் மறைந்த பிள்ளைக்கும் அதுவே காரணம், படம் அசையாது நின்று குரல் மட்டும் துண்டு துண்டாக வந்த பிள்ளைக்கும் அதுவே காரணம். ஆசிரியருள் சிலர் அதனை அப்படியே ஏற்றனர். சிலர் சாக்குப்போக்கு என்று தள்ளினர். இரு சாராரும் கேளாது விட்ட வினா ஒன்றுண்டு: எந்த இடத்தில் இல்லை?

இவ்வினா வீண் ஆராய்ச்சியன்று. பின்னறைக்கு வைஃபை எட்டாத குறைக்காக, மாதக் கட்டணம் மிகுந்த திட்டத்திற்கு மாறிப் பணம் இழக்கும் குடும்பங்கள் உண்டு. வெளியிலிருந்து வரும் இழை அறுந்து கிடக்கையில் கடைக்குச் சென்று புதிய கருவி வாங்கி வருவோரும் உண்டு. இரண்டிலும் பணம் போகும், பழுது போகாது. இடையில் பிள்ளையின் பாடமும் போய்விடும்.

இணையம் ஒரு வீட்டுப் பிள்ளையின் கைக்கு வந்து சேர நான்கு இடங்களைக் கடக்கிறது. முதலாவது, தெருவிலிருந்து வீட்டிற்குள் வரும் கண்ணாடி இழையும் அதன் முனையில் உள்ள சிறு பெட்டியும். இரண்டாவது, அப்பெட்டியிலிருந்து இணைப்பைப் பெற்று வீடு முழுதும் பகிர்ந்து தரும் ரவுட்டர். மூன்றாவது, ரவுட்டருக்கும் கைத்தொலைபேசிக்கும் இடைப்பட்ட வெறுவெளி. நான்காவது, பிள்ளையின் கையில் இருக்கும் கருவி. இந்நான்கனுள் எது கெட்டாலும் திரையில் தோன்றும் காட்சி ஏறத்தாழ ஒன்றே. ஆதலின்தான் குழப்பம் விளைகிறது.

மக்கள் நாவில் ‘வைஃபை’ என்பதும் ‘இணையம்’ என்பதும் ஒரு பொருட் சொற்களாக வழங்குகின்றன. உண்மையில் அவை வேறு. பட்டணத்திலிருந்து தோட்டத்து வாயில்வரை வரும் தார்ச்சாலை ஒன்று. வாயிலிலிருந்து லயத்து வீட்டுக்குச் செல்லும் செம்மண் பாதை மற்றொன்று. தார்ச்சாலை நன்றாயிருந்தும் செம்மண் பாதை மழையில் சேறானால் வண்டி வீடு வந்து சேராது. பாதை நன்றாயிருந்தும் சாலையில் பாலம் உடைந்தால் அப்போதும் வண்டி வராது. வைஃபை என்பது அந்தச் செம்மண் பாதை மட்டுமே. கைத்தொலைபேசியின் மேல் மூலையில் விசிறிபோல் விரிந்து தோன்றும் வளைகோடுகள் அந்தப் பாதையின் நிலையை மட்டுமே காட்டுகின்றன. கோடுகள் நிறைந்திருந்தும் ஒரு பக்கமும் திறக்கவில்லை என்றால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பாதை நலம், சாலையில்தான் பாலம் உடைந்திருக்கிறது.

(‘வைஃபை’ என்னும் பெயருக்குச் சொல்லாராய்ச்சி செய்யப் புகுவோர் ஏமாறுவர். இசைத்தட்டுக் கருவிகளுக்கு வழங்கிய ‘ஹைஃபை’ என்னும் சொல்லின் ஓசையைத் தழுவி, 1999 இல் வணிகத்தின் பொருட்டு அமைக்கப்பட்ட பெயர் அது. அதற்கு விரிவு கிடையாது.)

முதற் சோதனை

பழுது இருப்பது வெளியிலா, வீட்டுக்குள்ளா என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டியது. இதற்குரிய சோதனை எளிது. மடிக்கணினியை ஒரு கம்பியால் நேரே ரவுட்டருடன் இணைத்துப் பார்க்க வேண்டும். கம்பி வழியே இணையம் குறைவின்றி வருமாயின் வெளிச்சாலையில் குற்றமில்லை. வெறுவெளியிலோ கருவியிலோதான் குற்றம். கம்பி வழியேயும் வரவில்லை என்றால் வைஃபையின் மேல் பழி சுமத்துதல் முறையன்று.

கம்பி செருகும் துளை இல்லாத கருவிகளே இன்று மிகுதி. அவ்வீடுகளில் ரவுட்டருக்கு இரண்டு மீட்டர் அண்மையில், இடையில் சுவரின்றி நின்று பார்த்தல் வேண்டும். அங்கே நன்றாக வந்து, அறைக்குள் சென்றதும் கெடுமாயின் விடை கிடைத்துவிட்டது. அடுத்ததாக, அதே இடத்தில் வேறொரு கைத்தொலைபேசியைக் கொண்டு பார்க்க வேண்டும். ஒன்றில் வந்து மற்றொன்றில் வராவிடின் குற்றம் கருவியினுடையது.

இழை வந்து சேரும் சிறு பெட்டியின் விளக்குகளும் பேசும். பெரும்பாலான பெட்டிகளில், இழையின் வழியே ஒளி வந்து சேரவில்லை என்பதைச் சிவப்பு விளக்கு ஒன்று அறிவிக்கும். அது எரியும்போது வீட்டார் செய்யக்கூடியது அதிகமில்லை. இழை கூர்மையாக மடங்கியோ நாற்காலிக் காலின் அடியில் நசுங்கியோ கிடக்கிறதா என்று பார்க்கலாம். கண்ணாடி இழை செப்புக் கம்பிபோல் மடிப்பைப் பொறுக்காது. கூர்மையாக வளைத்தால் உள்ளே செல்லும் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். அவ்விடத்தில் குறையில்லை என்றால் நிறுவனத்தாரை அழைப்பதே வழி.

வெளிச்சாலை குன்றிய இடத்தில் வீட்டுக்குள் எத்திருத்தம் செய்தும் பயனில்லை. சபாவின் பித்தாஸ் பகுதியில் பல்கலைக்கழக மாணவி ஒருவர் மரத்தின் மேல் ஏறி இருந்து தேர்வு எழுதிய செய்தி 2020 ஜூனில் நாடெங்கும் பேசப்பட்டது. அவர் தேடி ஏறியது தொலைபேசிக் கோபுரத்தின் அலையை. அத்தகைய ஊர்களில் உள்ள மாணவரிடம் ரவுட்டரை நகர்த்தி வைக்கச் சொல்வது பொருந்தாத அறிவுரை. ஆனால் பட்டணத்திலும் அதனை அடுத்த குடியிருப்புகளிலும் குறை பெரும்பாலும் அந்த வெறுவெளியில்தான் இருக்கிறது. அதனை விரிவாகக் காண்பது தகும்.

வெறுவெளியில் நிகழ்வது

வைஃபை புதிதாய்ப் பிறந்த விந்தையன்று, அது வானொலியே. ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1888 இல் மெய்ப்பித்துக் காட்டிய மின்காந்த அலைகளின் வழிவந்தது. கல்கத்தா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ் 1895 இல் பொதுமக்கள் முன்னிலையில் அவ்வலைகளைக் கொண்டு தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். அக்காலத்தில் பிறர் நீண்ட அலைகளை நாடிச் செல்ல, போஸ் மில்லிமீட்டரால் அளக்கத்தக்க குற்றலைகளை ஆராய்ந்தார். இன்றைய வீட்டு இணைப்பும் குற்றலைகளின் குடும்பத்தைச் சேர்ந்ததே. அமெரிக்க அரசு 1985 இல் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்ட அலைவரிசைகளுள் ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ். வைஃபைக்குரிய முதற் பொது நியமம் 1997 இல் வெளிவந்தது. அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 செண்டிமீட்டர்; பின்னர்ப் பெருவழக்காகிய 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5 முதல் 6 செண்டிமீட்டர்.

இந்த அளவுகள் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமாகச் செய்தி சுமக்கும்; ஆயினும் சுவரைக் கடப்பதில் இளைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை மேலும் நன்றாகக் கடக்கும். ஆயினும் அதன் வழி குறுகியது, நெரிசல் மிகுந்தது. ரவுட்டர் இருக்கும் கூடத்தில் முன்னதும், இரண்டு சுவர்களுக்கு அப்பால் பின்னதும் ஏற்றவை. பல ரவுட்டர்கள் இவ்விரண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்புவதால், எதனோடு இணைந்திருக்கிறோம் என்பது வீட்டாருக்குத் தெரிவதில்லை. பழுது ஆராயும் நாளிலாவது இரண்டிற்கும் தனித்தனிப் பெயரிட்டுப் பார்ப்பது நலம். புதுக்கருவிகள் 6 கிகாஹெர்ட்ஸ் அலையையும் பயன்படுத்துகின்றன. அதற்கும் சுவர் பகையே.

ஆற்றலைப் பற்றியும் ஒரு சொல். ரவுட்டர் வெளியிடும் ஆற்றல் பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவினது. தடையில்லாத வெளியிலேயே தொலைவு இருமடங்கானால் வந்து சேரும் ஆற்றல் நான்கில் ஒன்றாகும். வீட்டுக்குள் சுவர்கள் வேறு தம் பங்கை எடுத்துக்கொள்ளும். பலகைச் சுவர் சிறிதே எடுக்கும். செங்கற்சுவர் மிகுதி எடுக்கும். இரும்பு கட்டிய கான்கிரீட் பெரும்பகுதியை விழுங்கும். உலோகம் அலையைத் திருப்பி எறியும். ஆகவே இரும்பு அலமாரி, குளிர்பதனப்பெட்டி, பின்புறம் உலோகப் பூச்சுள்ள நிலைக்கண்ணாடி ஆகிய மூன்றும் ரவுட்டருக்கு நல்ல அயலார் அல்லர். நீர் அலையை உறிஞ்சும். மீன்தொட்டிக்குப் பின்னே ரவுட்டரை வைத்துவிட்டு அறையில் வரவில்லை என்று வருந்துவது வீண். மனித உடலும் பெரும்பாலும் நீர் என்பதால், விருந்தினர் நிறைந்த கூடத்தில் இணைப்பு மெலிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் மற்றொரு தனிக்குறை உண்டு. 1990களின் இறுதி முதல் கட்டப்பட்ட வீடுகளில் தற்காப்புக்காக ஒரு சிறு அறை தடித்த கான்கிரீட் சுவரோடும் இரும்புக் கதவோடும் அமைந்திருக்கிறது. அதனைப் பண்டகசாலையாகக் கொண்டு, கம்பிகள் கண்ணுக்குத் தெரியாதிருக்கட்டும் என்று ரவுட்டரையும் அதனுள் வைத்துக் கதவைச் சாத்துவோர் இருக்கின்றனர். வெடிகுண்டையே தடுக்கக் கட்டிய சுவர் 12 செண்டிமீட்டர் அலையையா விட்டுவைக்கும்? மலேசியத் தொடர்வீடுகளில் குறை வேறு வகையினது. இழை முன்கூடத்தின் மூலையில் நுழைவதால் ரவுட்டரும் அங்கேயே தரையில் கிடக்கிறது. அதன் அலையில் பாதி சாலைக்கும் அடுத்த வீட்டுக்கும் செல்ல, பிள்ளை படிப்பதோ நீண்ட வீட்டின் கடைசி அறையில். பத்து மீட்டர் கம்பி ஒன்றை வாங்கி, ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, ஆள் மார்பளவு உயரத்தில் திறந்தவெளியில் வைத்தால் தீரும் குறை இது. இதற்கு ஆகும் செலவு மாதக் கட்டண உயர்வைவிட மிகக் குறைவு.

அலை நேர்வழியே மட்டும் வருவதில்லை. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பியும் வருகிறது. நேரே வந்ததும் திரும்பி வந்ததும் ஓரிடத்தில் கூடி வலுக்கும். சில செண்டிமீட்டர் தள்ளி ஒன்றையொன்று அழிக்கும். மேசையின் இந்த ஓரத்தில் வரும் இணைப்பு அந்த ஓரத்தில் வராதது இதனால்தான். இவ்வெதிரொலிக் குழப்பத்தை அடக்கும் முறைகளுள் முதன்மையான ஒன்றை 1990களின் தொடக்கத்தில் கண்டவர்கள் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜான் ஓசல்லிவனும் அவர்தம் துணைவரும். வானில் வெடித்து மறையும் கருந்துளைகளின் மெல்லிய வானொலித் துடிப்பைத் தேடியபோது அவர் கையாண்ட கணிதம் இங்கே துணை நின்றது. தேடிய துடிப்பு அன்று கிட்டவில்லை.

முறைவைத்துப் பேசுதல்

நெரிசலைப் பற்றி ஆசிரியருக்கு விளக்குவது எளிது. வகுப்பறை அறியாதார் யார்? ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேசலாம். இருவர் ஒருங்கே பேசினால் இருவர் சொல்லும் விளங்காது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் 1971 இல் தீவுகளுக்கிடையே வானொலியால் கணினிகளை இணைத்தபோது இதற்கொரு வழி கண்டனர். மோதல் நேர்ந்தால் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய சிறு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும் என்பது அவ்வழி. இன்றைய வைஃபை அதனினும் நாகரிகம் கற்றது: முதலில் செவிமடுக்கும், வேறெவரும் பேசவில்லை என்று கண்டபின்பும் சிறிது பொறுத்தே பேசும்.

2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாடுகளில் 1 முதல் 13 வரை எண்ணிட்ட தடங்கள் உள்ளன. எண்ணிக்கையைக் கண்டு மயங்கலாகாது. ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளியிருக்க, ஓர் இணைப்பு எடுத்துக்கொள்ளும் அகலமோ 20 மெகாஹெர்ட்ஸ். ஆகவே 1, 6, 11 என்னும் மூன்றே ஒன்றையொன்று தொடாமல் செல்லும் என்று கொள்ளலாம். அடுக்குமாடியில் மேலும் கீழும் பக்கத்திலும் இருபது ரவுட்டர்கள் இம்மூன்றிற்குள் இடம் தேடுகின்றன. மாலை எட்டு மணிக்குக் கெட்டு, விடியற்காலையில் நலமாகும் இணைப்புக்கு இந்நெரிசல் ஒரு காரணம். மூன்றனுள் ஆள் குறைந்த தடத்தை ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் தெரிந்தெடுக்கலாம். 3 அல்லது 9 என்று இடையில் புகுவது பெருந்தவறு. அவ்வாறு புகுந்தவர் இரு புறத்தாரின் பேச்சையும் புரியாத இரைச்சலாகக் கேட்பார், இரு புறத்தாருக்கும் தாமே இரைச்சலாவார்.

சமையலறையின் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ இதே அலையில்தான், 2.45 கிகாஹெர்ட்ஸில், இயங்குகிறது. அதன் உள்ளே ஆயிரம் வாட் அளவுக்குச் சுழலும் ஆற்றலில் மிகச் சிறிய பங்கு வெளியே கசிகிறது. ஆளுக்குத் தீங்கில்லை, வைஃபைக்குத் தீங்கு. சோறு சூடாக்கும் மூன்று நிமிடமும் பாடம் தடைப்பட்டால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிக்கொள்வதே தீர்வு. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸிலும் சில தடங்களில் வானிலை ராடார் முதலியவற்றுக்கு முன்னுரிமை உண்டு. அங்கு ராடாரின் துடிப்பைக் கேட்ட ரவுட்டர் உடனே விலகி வேறு தடத்திற்குப் போகவேண்டும். அத்தடமும் அவ்வகையினதாயின் ஒரு நிமிடமேனும் செவிமடுத்த பின்னரே பேசலாம். காரணமின்றி இணைப்பு மறைந்து தானே திரும்பும் வீடுகளில் இதையும் ஐயுறலாம்.

நெரிசலில் நுட்பமானது ஒன்று எஞ்சியிருக்கிறது. தொலைவில் இருக்கும் கருவி மெல்லப் பேசும். அருகில் இருப்பது விரைந்து பேசும். பேசும் வாய்ப்பு இருவருக்கும் சமம் என்பதால், மெல்லப் பேசுபவர் தம் சொல்லை முடிக்க நெடுநேரம் எடுத்துக்கொள்கிறார். கடைசி அறையில் படம் பார்க்கும் ஒருவரால், ரவுட்டரின் அருகிலேயே அமர்ந்திருக்கும் பிள்ளையின் பாடமும் தடைப்படுவது இவ்வாறே. அந்த ஒருவரை அருகில் அழைத்து உட்காரவைத்தால் இருவருக்கும் நன்மை.

சுவரில் செருகும் பெருக்கிகளைக் கடைக்காரர் பெரிதும் புகழ்வர். ஒரே அலையில் கேட்டு, அதே அலையில் மறுபடி சொல்லும் பெருக்கி, ஒவ்வொரு சொல்லையும் இருமுறை வெளியிடுவதால் வேகம் ஏறத்தாழ பாதியாகும். மேலும், அலை செத்த அறையில் பெருக்கியைச் செருகினால் அது எதைப் பெருக்கும்? அலை இன்னும் நலமாயிருக்கும் பாதிவழியில் அதனை வைக்க வேண்டும். கம்பியிழுத்து மறுமுனையில் இரண்டாவது அலைபரப்பியை வைப்பது பெருக்கியினும் சிறந்தது.

இணைந்தும் இயங்காமை

அலை நன்று, விளக்குகள் நன்று, ஆயினும் ஒன்றும் திறக்கவில்லை என்னும் நிலையும் உண்டு. இணையும் கருவி ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் ஓர் எண்முகவரி தருகிறது, பெரும்பாலும் 192.168 என்று தொடங்குவது. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்குமாயின், ரவுட்டரிடம் கேட்டும் கிடைக்காமல் கணினி தானே ஒன்றைப் புனைந்துகொண்டது என்று பொருள். அப்போது இணைப்பை மறந்துவிடச் செய்து, கடவுச்சொல்லை மீண்டும் இட்டு இணைக்க வேண்டும். பயனில்லையேல் ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் கழித்து ஏற்ற வேண்டும். முகவரி செம்மையாக இருந்தும் பக்கங்கள் திறவாமல், முன்னரே திறந்திருந்த செயலி மட்டும் ஓடுமாயின், பெயரை எண்ணாக மாற்றித் தரும் பணியில் தடை என்று கருதலாம். கருவியின் நாளும் மணியும் பிழையாக இருப்பதும் பாதுகாப்பான பக்கங்களைத் திறவாமற் செய்யும். அவற்றின் சான்றிதழ்களுக்குக் காலவரை உண்டு. நெடுநாள் பெட்டியில் கிடந்த பழைய கணினியை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது இது நேரும்.

அணைத்து ஏற்றுவது பல வேளை பயன் தரக் காரணம், ரவுட்டரும் ஒரு சிறு கணினியாக இருப்பதே. அதன் நினைவில் சேர்ந்த குழப்பம் கலைந்துபோகிறது. நாள்தோறும் அணைத்து ஏற்றவேண்டி வருமாயின் அது மருந்தாகாது. காற்றோட்டமில்லாத இடத்தில் சூடேறுதலோ, தளர்ந்த மின்மாற்றியோ, பழைய உள்மென்பொருளோ பின்னே இருக்கும். இடிமின்னல் மிகுந்த நம் நாட்டில் மின்மாற்றி முதலில் அடிபடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும் சுவரிலிருந்து மின்சாரம் வரும் வழி திறந்தே இருக்கிறது.

வேகத்தை அளப்போர் அலகை நோக்க வேண்டும். விளம்பரத்தில் வரும் 100 மெகாபிட் என்பது ஒரு நொடிக்கு 12.5 மெகாபைட்டே, எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். காணொளிப் பாடத்திற்கு 4 மெகாபிட்டுக்கும் குறைவே போதும் என்பதையும் பெற்றோர் அறிதல் நன்று. 300 மெகாபிட்டுக்குப் பணம் செலுத்தியும் கம்பியில் அளந்தால் எப்போதும் 94 அளவிலேயே நிற்கிறதா? கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். கம்பியினுள் எட்டு இழைகள் உண்டு. அவற்றுள் ஒன்று அறுந்தாலும் கருவிகள் நான்கு இழைகளால் நடக்கும் பழைய 100 மெகாபிட் முறைக்கு இறங்கிவிடும். சில வெள்ளிக் கம்பியின் குறைக்காக நிறுவனத்தாரோடு பல நாள் வழக்காடுவோர் உண்டு.

நிறுவனத்தாரை அழைக்குமுன் மூன்றைக் குறித்து வைத்தல் வேண்டும்: கம்பியில் அளந்த வேகம், கெட்ட நேரமும் நாளும், பெட்டியில் எரிந்த விளக்கின் நிறம். கம்பியில் அளந்த கணக்கைக் காட்டினால், “உங்கள் வீட்டு வைஃபை குறை” என்று எளிதில் தட்டிக்கழிக்க இயலாது. மாணவன் “லைன் இல்லை” என்னும்போது ஆசிரியர் கேட்கத்தக்க வினாக்களும் இவற்றை ஒட்டியவையே. வீட்டில் எந்த அறையில் அமர்ந்திருக்கிறான்? அம்மாவின் தொலைபேசியிலும் வரவில்லையா? ரவுட்டரின் பக்கத்தில் வந்து நின்றால் வருகிறதா? பெட்டியில் சிவப்பு எரிகிறதா? ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையும் இவற்றுக்கு விடை சொல்லும். அவ்விடையைக் கேட்ட பின்னரே வருகைப் பதிவேட்டில் எழுதலாம்.